கோலப்பொடியில் விடுபட்ட தெரு

ரமாவுக்கு அந்த வரைபடத்தின் மேல் கொள்ளைப் பெருமை. பின்னே இருக்காதா? நாகலகெரே என்கிற குட்டி ஊருக்கு அடுத்த ஐந்து வருடங்களில் எங்கே குடிநீர்க் குழாய், எங்கே தெருவிளக்கு, எங்கே அங்கன்வாடி என்று திட்டம் போடச் சொன்னபோது, மற்றவர்களைப்போல பெங்களூரு பொம்மனஹள்ளி ஆபீஸில் ஏசிக்குக் கீழே உட்கார்ந்து கோடு கிழித்தவள் இல்லை அவள். அத்திபெலே தாண்டி மண்ரோட்டில் குலுங்கிக் குலுங்கி ஊருக்கே போனாள். கோயில் முன்னால் தரையைப் பெருக்கச் சொல்லி, பெண்கள் கையில் கோலப்பொடியைக் கொடுத்து, "உங்க ஊரை நீங்களே வரைங்க" என்றாள்.

அதில் ஒரு கண்டிப்பும் உண்டு. அவரவர் வீட்டை அவரவர் கையால்தான் போட வேண்டும். இல்லாவிட்டால் பஞ்சாயத்துப் பெரிய மனுஷன் ஒருத்தன் பொடியை வாங்கி ஊர் முழுக்கத் தானே வரைந்துவிடுவான். அவனுக்கு ஆகாதவன் வீடு காணாமல் போய்விடும். அந்தப் பருப்பெல்லாம் இங்கே வேகாது என்று ரமா முதலிலேயே சொல்லிவிட்டாள். பெண்கள் சிரித்து, சண்டை போட்டு, மாட்டுத்தொழுவம் வரைக்கும் போட்டார்கள். கோயில் மதில்மேல் ஏறி நின்று ரமா படம் எடுத்துக்கொண்டு வந்தாள். ஆபீஸில் கூட வேலை பார்க்கிற அஷ்வின் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றினான்.

இன்று மத்தியானம் திட்டத்தைப் பார்க்க அரசாங்க அதிகாரி ஆபீஸுக்கு வருகிறார். அவர் ஒப்புக்கொண்டால் முடிந்தது. ஐந்து வருடத்துக்கு யாரும் கைவைக்க முடியாது. ஊர்ச் சார்பில் ஒருவராவது கூட இருக்க வேண்டும் என்று ரமா அடம்பிடித்ததால், மகளிர் குழுவிலிருந்து சாந்தகுமாரி பஸ் பிடித்து வந்திருந்தாள். கொடுத்த டீ ஆறிக்கொண்டிருந்தது. அவள் புரொஜெக்டரிலிருந்து சுவரில் விழுந்த படத்தையே கண்ணால் துழாவிக்கொண்டிருந்தாள்.

"எங்க தெருவு எங்கம்மா?"

"எந்தத் தெரு?"

"கீழ்த்தெரு. ஏரிக்கரையோரம்."

ரமா எழுந்து போய்ப் பார்த்தாள். ஏரிக்கரையோரம் ஒரு வீடும் இல்லை. பழுப்பு நிறத்தில் ஒரு கட்டம் மட்டும் இருந்தது.

"அது காலி இடம் ஆன்ட்டி. ஊர்க் குப்பையைப் பிரிக்கிற ஷெட் அங்கதான் வருது" என்று அஷ்வின் உதவியாகச் சொன்னான்.

"காலி இடமா? நான் அங்கேர்ந்துதானேப்பா வரேன்!"

ரமா மறுபடி அந்தப் பழுப்புக் கட்டத்தைப் பார்த்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பற்றிக் கேட்டிருக்கிறோம். இவள் ஜனங்கள் குடியிருக்கிற முழுத் தெருவை மறைத்து, அதன்மேல் குப்பையையும் கொட்டியிருக்கிறாள்.

"சாட்டிலைட்ல பாக்கலையா அஷ்வின்?"

"தகரக் கூரை தெரிஞ்சுது மேடம். கோலத்துல வீடே இல்லையே, அதனால மாட்டுக் கொட்டகைன்னு போட்டேன். வீட்டு வரி லிஸ்ட்லயும் இல்ல."

"பட்டா இருந்தாத்தானே வரி போடுவான்" என்றாள் சாந்தகுமாரி.

"நீங்க அன்னிக்கு வந்திருந்தீங்களே அக்கா! ஏன் உங்க வீட்டைப் போடலை?"

சாந்தகுமாரி அவளை விநோதமாகப் பார்த்தாள். "எப்படிம்மா போடறது? எம்மவன் செத்து வருஷம் திரும்பல. கோலப்பொடியத் தொடலாமா? தெருவே பங்காளிங்க. ஒருத்தரும் தொடக்கூடாது. அதான் ஓரமா நின்னோம். நீதான் அவங்கவங்க கையாலதான் போடணும்னுட்ட. மேல்தெருக்காரங்க எங்க வீட்டைப் போட வந்தப்போ, கூடாதுன்னு தடுத்ததும் நீதான்."

ஐயோ, தடுத்தாளே! நல்ல காரியம் செய்கிற நினைப்பில், ஒரு கிழவியின் கையைப் பிடித்தே தடுத்தாள்.

"உங்க பையனுக்கு என்ன ஆச்சு?"

"வாந்தி பேதி. எங்க போர்த் தண்ணி மழைக்கு மஞ்சளா வரும். அதைத்தான் குடிக்கறோம். மருமவ புள்ளயத் தூக்கிக்கிட்டு ஓசூருக்கு, அவங்கம்மா வூட்டுக்குப் போயிட்டா. குழாய்த் தண்ணி வந்தாத்தான் வருவேன்னிருக்கா. அதைக் கேட்டுட்டுப் போகத்தான் வந்தேன்."

ரமா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். எந்தத் தெருவில் தண்ணீரால் சாவு விழுந்ததோ, அந்தச் சாவினாலேயே அந்தத் தெருவுக்குத் தண்ணீர் இல்லாமல் போயிருக்கிறது!

"அன்னிக்கே என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அக்கா."

"உனக்குத் தெரியாதுன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? தமிழ்ப் பொண்ணுதானே நீ? எங்கள அப்புறமா தனியாக் கேட்டு எழுதிப்பேன்னு நெனச்சோம்."

தெரியாமல் என்ன? அவள் அப்பா ஆராவமுதன் இறந்துபோன வருடம், மார்கழிக் கோலப் போட்டிக்கு அபார்ட்மெண்ட் பெண்கள் கூப்பிட வந்தபோது, "எங்களுக்கு இந்த வருஷம் பண்டிகை இல்லை" என்று சொல்லி அனுப்பியவள் இவள்தான். தன் வீட்டுக்கு என்றால் தெரிகிறது. ஊரான் வீட்டுக்கு என்றால் கண் அவிந்து போகிறது. தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது அவளுக்கு.

முதலாளி சுதீர் வந்து விஷயத்தைக் கேட்டார். அவருக்கு முகம் மாறியது, ஆனால் அரை நிமிஷம்தான். "ரமா, ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா. சார் கீழே வந்தாச்சு. இன்னிக்கு ஓகே ஆகட்டும். ஷெட்டை அப்புறமா தள்ளி வெச்சுக்கலாம்."

"அஞ்சு வருஷத்துக்கு ஒரு கோடுகூட நகராதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க?"

"இன்னிக்கு விட்டா ஊருக்கே ஒண்ணும் வராது, தெரியுமா?"

அதிகாரி வந்து உட்கார்ந்தார். ரமா படத்தின் பக்கத்தில் போய் நின்றாள். ராத்திரியெல்லாம் ஒத்திகை பார்த்த பேச்சு ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை.

"சார், இந்தத் திட்டம் தப்பு. ஜனங்க இருக்கிற தெருவைக் காலி இடம்னு காட்டியிருக்கேன். தயவுசெய்து ஒப்புக்காதீங்க."

சுதீர் கண்ணை மூடிக்கொண்டார். அதிகாரி கெட்டவர் இல்லை. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார், சாந்தகுமாரியிடமும் இரண்டு கேள்வி கேட்டார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இந்த வருஷ லிஸ்ட் இன்னிக்கே மூடறோம்மா. திருத்திக் கொடுங்க, அடுத்த வருஷம் கட்டாயம் எடுத்துக்கறேன்" என்று எழுந்து போனார்.

"அடுத்த வருஷமா?" என்றாள் சாந்தகுமாரி. "அதுக்குள்ள மழ வந்துடுமே."

அவள் பையிலிருந்து செல்போனை எடுத்து ஒரு நம்பரை அழுத்தி, ரமாவிடம் நீட்டினாள்.

"எம்மருமவ. பேரு இளவேனில். சேதிக்குக் காத்துக்கிட்டிருப்பா. என்னால சொல்ல முடியாது, நீயே சொல்லு."

ரமா வாங்கிக் காதில் வைத்தாள். அந்தப் பக்கம் ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது.

"அத்தே? குழாய் வருதாமா? நான் துணி எடுத்து வெக்கட்டுமா?"

"அத்தை இல்லம்மா, நான் ரமா" என்றாள். "எடுத்து வெக்காதேம்மா. இன்னும் வரலை."