ஐலெர்ட் மேல் பெய்த மழை

ஐலெர்ட் மேல் மழை விழாது. அண்ணன் சீவெர்ட்டோடு குளிர்கால மீன்பிடிக்குப் போய், படகு கவிழ்ந்து, தான் மட்டும் கரை சேர்ந்த நாளிலிருந்து அப்படித்தான். அன்று அவனைத் தூக்கியவர்கள், அவனுடைய கம்பளிச் சட்டை அடுப்பருகே காயப்போட்டதுபோல் உலர்ந்திருந்ததைக் கண்டார்கள். அண்ணனை அலை அடித்துக்கொண்டு போய்விட்டது என்று அவன் சொன்னதை யாரும் சந்தேகப்படவில்லை. கடவுளே கையில் ஏந்திக் கொண்டுவந்து விட்டிருக்கிறார் என்று ஹெஸ்த்வோய் தீவு முழுக்கப் பேச்சாயிற்று. மேற்கிலிருந்து மழை இறங்கும் ஞாயிறுகளில் சபையார் எல்லோரும் ஈரக் கம்பளி நாற்றத்தோடு உட்கார்ந்திருக்க, அவன் மட்டும் முன்வரிசையில் உலர்ந்த தலையோடு இருப்பான். முன்வரிசை அவன் கேட்டதல்ல, போதகர் கொடுத்தது. தங்கள் படகில் ஒரு தரமாவது அவன் ஏற வேண்டும் என்று மீன்காரர்கள் போட்டி போட்டார்கள். அவன் ஏறவில்லை. கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஆடு மேய்த்தான். தண்ணீர் உடம்பில் ஒட்டாததால் மீன் எண்ணெய் தோய்த்த துணியால் துடைத்துக்கொண்டான். காப்பி மட்டும் உள்ளே இறங்கியது. ஏன் என்று யாருக்கும் தெரியாது.

சீவெர்ட் போனபோது அவன் மனைவி குன்வோர் வயிற்றில் பிள்ளை இருந்தது. வசந்தத்தில் பெண் பிறந்தது. ஞானஸ்நானத்தின்போது சித்தப்பன்தான் பிள்ளையை ஏந்தி நின்றான். போதகர் அள்ளி ஊற்றிய தண்ணீர் பிள்ளையின் தலைக்கு ஒரு சாண் மேலேயே பிரிந்து, இரண்டு பக்கமும் கல்தரையில் விழுந்தது. மறுபடி ஊற்றினார், மறுபடியும் அப்படியே. "இப்படிக் குடுங்க," என்று குன்வோர் பிள்ளையை வாங்கிக்கொண்ட பிறகுதான் தண்ணீர் தலையில் விழுந்தது, பிள்ளையும் வீறிட்டது. சபையார் இதையும் அவனுடைய பாக்கியத்தில் சேர்த்துக்கொண்டார்கள். ஐலெர்ட் வெளியே போய்ச் சுவரோரம் நின்றான். அழப் பார்த்தான். கண்ணில் சொட்டுக்கூட வரவில்லை.

அப்படியே வருஷங்கள் போயின. பிள்ளை நடந்தாள், பேசினாள். ஒருநாள் மேய்ச்சல் மேட்டில் மழை பிடித்துக்கொண்டது. "சித்தப்பா, நனையுறேன்!" என்று ஓடிவந்து அவன் காலை இறுகக் கட்டிக்கொண்டு நின்றாள். அவளைத் தூக்கிக்கொண்டு, எங்கும் நிற்காமல், குன்வோர் காய்ந்த மீனை இறக்கிக்கொண்டிருந்த முற்றத்துத் திறந்த பரணடிக்கு வந்தான்.

"அண்ணி, அண்ணனை அலை அடிச்சுக்கிட்டுப் போகல."

"என்ன சொல்ற?"

"கவுந்த படகு மேல நான் ஏறிட்டேன். அண்ணன் கீழேருந்து என் காலைப் பிடிச்சாரு. ரெண்டு பேரைத் தாங்காதுன்னு பயந்துட்டேன். உதைச்சேன், அண்ணி. அவரு விடல. மறுபடியும் உதைச்சேன்."

குன்வோர் கையிலிருந்த மீனைக் கீழே வைத்தாள். "அவரு ஏதாச்சும் சொன்னாரா?"

"என் பேரைச் சொன்னாரு."

அவள் கிட்டே வந்து அவன் முகத்தில் காறித் துப்பினாள். எச்சில் அவன் கன்னத்தில் ஒட்டி, மெல்ல வழிந்தது. இருவருமே அதைக் கவனித்தார்கள். பிறகு அவன் கண் நிறைந்தது. அதுவரை அவனைச் சுற்றிப் பெய்த மழை அவன் தலையில் இறங்கியது. "ஆண்டவரே, இரங்கும்," என்று அவன் சேற்றில் முழங்காலிட்டபோது, குன்வோர் பிள்ளையை இழுத்துக்கொண்டு போய்க் கதவைத் தாழிட்டாள்.

ஞாயிறு சபை நடுவே எழுந்து எல்லாவற்றையும் சொன்னான். பக்கத்துப் பெரிய தீவுக்குப் போய்ப் போலீஸ் அதிகாரியிடமும் சொன்னான். சாட்சியும் இல்லை, சடலமும் இல்லை என்று அவர் திருப்பி அனுப்பிவிட்டார். முன்வரிசையை விட்டுக் கதவோரம் உட்கார்ந்தான். ஆனால் அன்று பிடித்த மழை அவனை விடவில்லை. ஊரெல்லாம் வெயிலடித்தாலும் அவன் தலைக்கு மேல் ஒரு குடை அகலத்துக்குத் தூறிக்கொண்டிருந்தது. இது கிருபைதான், வேறொன்றும் இல்லை என்று போதகர் பிரசங்கித்தார். மறுநாள் குன்வோர் அவர் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"மன்னிக்க வேண்டியவ நான். நான் இன்னும் மன்னிக்கல. அதுக்குள்ள உங்க ஆண்டவருக்கு என்ன அவசரம்?"

"எனக்கும் அது புரியல, குன்வோர். அவரு எப்பவும் இப்படித்தான்."

"உதைச்சவனுக்கு மழை. உதை வாங்கினவருக்கு?"

அவள் கோயிலுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். வழியில் ஐலெர்ட்டைக் கண்டால், "வந்துட்டான் ஆண்டவரோட செல்லப்பிள்ளை," என்று அவன் காதுபடச் சொல்லிவிட்டுப் போவாள். அவன் தலை குனிந்து நனைந்துகொண்டு நிற்பான்.

பிறகு ஒரு கோடையில் தீவில் மழையே இல்லை. கிணறுகள் வறண்டன. உருளைக்கிழங்குச் செடிகள் சுருண்டன. ஒரு காலையில் ஐலெர்ட் கேட்காமல் கொள்ளாமல் குன்வோரின் தோட்டத்துக்குள் வந்து, முதல் பாத்தியில் நின்றான். தூறல் மண்ணில் இறங்கியது. ஊறியதும் ஓரடி நகர்ந்து நின்றான். குன்வோர் நிலைப்படியில் கைகளைக் கட்டிக்கொண்டு பார்த்தாள். மதியத்துக்குமேல் பாத்திகளை முடித்துவிட்டு, அவள் பக்கம் பாராமலே அவன் வேலியைத் தாண்டப் போனான்.

"எங்க போற?" என்றாள். குரலில் கோபம் அப்படியேதான் இருந்தது. "கிழக்கு ஓரம் இன்னும் காயுது பாரு."

ஐலெர்ட் கிழக்கு ஓரத்துக்குப் போய் நின்றான். பொழுது சாயும்வரை அங்கே தூறியது.