வேறு துப்பாக்கியின் போல்ட்

மாலை ஐந்து மணிக்குள் தானியேல் ஒரு துப்பாக்கி வாங்கியாக வேண்டும். லைசென்ஸ் கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் வாங்கி, கலெக்டர் ஆபீசில் அதன் எண்ணைப் பதியாவிட்டால் லைசென்ஸ் செல்லாது. மூன்று மாதம் இன்றோடு முடிகிறது. இப்போது மணி மூன்று.

திருவள்ளூர் பஜாரில் மணவாளனின் துப்பாக்கிக் கடை ஒரு பழைய மாடிப்படிக்குக் கீழே ஒடுங்கியிருந்தது. தானியேலுக்குப் பக்கத்து ஸ்டூலில் அவன் மனைவி ஆரோக்கியமேரி உட்கார்ந்திருந்தாள். அவள் மடியிலிருந்த மஞ்சள் பையில் பதினாறாயிரம் ரூபாய். கம்மல் போன காதில் வேப்பங்குச்சி.

தானியேலுக்கு நாற்பத்தெட்டு வயது. ஒன்பது வருடம் ராணுவத்தில் இருந்துவிட்டுப் பாதியில் வந்தவன், பென்ஷன் இல்லை. பிறகு இருபது வருடம் கும்மிடிப்பூண்டியில் ஓர் உருக்காலையின் கேட்டில் நின்றான். 2008 தீபாவளிக்கு முந்தின வாரம் ஆலையை மூடினார்கள். எட்டு மாதமாக வேலை இல்லை. கம்பு பிடிக்கும் வாட்ச்மேன் வேலைக்கு இவன் வயதைக் கேட்டதுமே கையை விரித்தார்கள். சொந்தத் துப்பாக்கி உள்ளவனுக்கு மட்டும் எந்த வயதிலும் வேலை இருந்தது. ஏடிஎம்களுக்குப் பணம் ஏற்றிப் போகும் வண்டியில் காவல்.

அதுவரை குடும்பத்தைத் தாங்கியது மேரிதான். இறால் கம்பெனியில் நாள் முழுக்க ஐஸில் கையை வைத்து அவள் விரல்கள் வெடித்திருந்தன. ராத்திரியில் சோற்றைப் பிசையக்கூட முடியாமல் ஸ்பூனால் சாப்பிட்டாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் தானியேல் தட்டோடு வாசலுக்குப் போய்விடுவான்.

மணவாளன் மூன்று ரைஃபிள்களை மேஜைமேல் வைத்தார்.

“மூணும் வேட்டைக்குப் போறவங்க வாங்கறது. ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட்டை இழுத்துத் தள்ளணும். இது புதுசு, நாப்பத்தஞ்சாயிரம். இது ஒரு டாக்டர் வெச்சிருந்தது, இருபத்தெட்டு. இது ஆர்.கே.பேட்டையில ஒரு ரெட்டியாரு காட்டுப்பன்னிக்கு வெச்சிருந்தது. அவரு போயிட்டாரு. பதினஞ்சு.”

“மூணும் ஒண்ணு மாரிதான கீது. அப்பால இன்னா இம்மா வித்தியாசம்?” என்றாள் மேரி.

“மாடுகூட மூணும் ஒண்ணு மாதிரிதாம்மா இருக்கும்.”

“மாட்டுக்குப் பல்ல புடிச்சிப் பாப்போம். இதுக்கு இன்னாத்தப் பாக்கறது?”

தானியேல் பார்த்துக்கொண்டிருந்தான். முதலில் டாக்டரின் ரைஃபிள். போல்ட் வெண்ணெய்போல் நகர்ந்தது. அதைக் கீழே வைக்க மனமில்லாமல் வைத்தான். பிறகு பதினைந்தாயிரம் ரூபாய் ரைஃபிளை எடுத்து, போல்ட்டை வெளியே உருவி, குழாயின் ஒரு முனையில் வெள்ளைத் தாளைப் பிடித்து மறுமுனையில் கண்ணை வைத்தான். உள்ளே குண்டைச் சுழற்றும் வரிகள் தெளிவாக இருந்தன. துருவும் இல்லை. அவனுக்கே ஆச்சரியம். இவ்வளவு நல்ல குழாய் ஏன் இவ்வளவு மலிவு?

கையிலிருந்த போல்ட்டைத் திருப்பினான். அதில் எண் 905. துப்பாக்கியின் உடம்பில் எண் 218.

இது வேறு துப்பாக்கியின் போல்ட்.

தோட்டாவின் பின்னால் அடைபடும் கதவு அது. ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தனித்தனியாக ராவிப் பொருத்துவார்கள். வேறொன்றின் போல்ட்டை மாட்டினால் நூலளவு இடைவெளி விழும். சுடும்போது தோட்டாவின் பித்தளை அங்கே கிழியும். கிழிந்தால் நெருப்பு முன்னால் போகாது. சுடுகிறவனின் கண்ணுக்கு வரும். ராணுவத்தில் ஒரு பீகார்காரனின் பாதி முகத்தை அவன் அப்படிப் பார்த்திருக்கிறான்.

“போல்ட் மாறிக்கீது” என்றான் மெதுவாக.

மணவாளன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “தெரிஞ்ச ஆளுன்னா கண்டுபுடிப்பான்னு நெனச்சேன். அதான் பதினஞ்சு. ஆபீசுல உடம்பு நம்பரத்தான் பதிவாங்க. நீ இன்னா, தெனம் சுடவா போற? வண்டியில மடியில வெச்சிக்கினு குந்தப்போற.”

“டாக்டரோடத குடுங்க. மாசா மாசம் கட்டிடறேன்.”

“புக்குல உன் பேரு ஏறிட்டா துப்பாக்கி உன்னுது. நாளைக்கு நீ கட்டலேன்னா நான் யார்கிட்ட போய்க் கேக்கறது? துப்பாக்கி வெச்சிக்கினு இருக்கறவன்கிட்டயா?”

மேரி சிரித்துவிட்டாள். பிறகு தானியேலின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். “இன்னாய்யா நம்பரு, கிம்பரு?”

“ஒண்ணுமில்ல.”

சுவர்க்கடிகாரம் மூன்றரை காட்டியது. தானியேல் அவள் விரல்களைப் பார்த்தான். பணத்தை எண்ண முடியாமல் தாள்களை முழங்காலில் தேய்த்துப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

“இதையே குடுங்க” என்றான். “ஆறு தோட்டாவும்.”

நாலே முக்காலுக்கு எண் 218 பதிவானது.

திங்கட்கிழமை காவல் ஏஜென்சி முதலாளி ஆதிநாராயணன் ரைஃபிளைக் கையில் வாங்கிப் பார்த்துத் தலையாட்டினார். எளாவூர் செக்போஸ்ட் பக்கம் ஆபீஸ் வைத்திருப்பவர். பேச்சில் பாதி தெலுங்கு.

“பாக்க ஜோரா கீது நைனா. ஒரு ரவுண்டு சுட்டுக் காட்டு. இன்சூரன்ஸ்காரன் கேக்கறான். சுடாத துப்பாக்கிக்கு டப்பு குடுக்க மாட்டானாம்.”

முடியாது என்றால் இந்த வேலைக்கு வெளியே நாலு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்.

மூடிக் கிடந்த கல்குவாரிக்குப் போனார்கள். அங்கே ஒரு லாரி டயர் கிடந்தது. தானியேல் ரைஃபிளை அதன்மேல் படுக்க வைத்துக் கயிற்றால் இறுக்கினான். தோட்டாவை ஏற்றினான். விசையில் இன்னொரு கயிற்றைக் கட்டி, பாறைக்குப் பின்னால் வரைக்கும் இழுத்து வந்தான்.

“இன்னா நைனா, துப்பாக்கிக்கு நீயே பயப்படறியா?”

“கைமாறின துப்பாக்கிய மிலிட்டரில மொதல்ல இப்டிதான் சார் சுடுவோம். நீங்களும் பின்னாடி வந்துருங்க.”

பொய் இல்லை. கயிற்றை இழுத்தான்.

சத்தம் குவாரியைச் சுற்றி வந்தது. ரைஃபிள் முழுசாகத்தான் இருந்தது. ஓடிப்போய் ஆதிநாராயணனுக்கு முதுகைக் காட்டி நின்று போல்ட்டை இழுத்தான். வெளியே விழுந்த பித்தளைக் கூட்டின் அடியில், பாதி வட்டத்துக்கு ஒரு கீறல். கறுத்த புகை கசிந்திருந்தது. அடுத்த முறை தாங்காது. கூட்டைப் பேன்ட் பைக்குள் போட்டுக்கொண்டான். அது தொடையைச் சுட்டது.

“இத்தினி ஜாக்கிரதையான ஆள நான் பாத்ததில்ல” என்று சொல்லி ஆதிநாராயணன் தாளில் கையெழுத்துப் போட்டார். “நாளைக்குக் காலையில ஏழு மணி. மாசம் ஏழாயிரத்து ஐநூறு.”

சாயங்காலம் பேன்ட்டைத் துவைக்க எடுத்த மேரி அந்தக் கூட்டோடு வந்தாள்.

“கடையில நீ மூஞ்ச தொங்கப்போட்டது இதுக்குத்தானா?”

அவன் எல்லாவற்றையும் சொன்னான். பீகார்காரனையும் சொன்னான்.

“அப்ப சுடாத.”

“சுடவேண்டி வந்தா? பணத்த உட்டுட்டு நின்னா திருடனுங்களோட நானும் கூட்டுன்னு உள்ள வைப்பாங்க. இந்தத் துப்பாக்கியத் தலைமுழுகிட்டு வேற வேலைக்குப் போலாம்னா, எங்க கீது?” கொஞ்சம் பொறுத்துச் சொன்னான். “நீ நாளைலேந்து ஐஸ்ல கை வைக்க வேணாம். அது போதும் எனக்கு.”

மேரி கூட்டின் கீறலை நகத்தால் தடவிக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

காலையில் அவன் பெல்ட்டில் தோட்டாப் பையை அவளே மாட்டிவிட்டாள். பை கனமாகத்தான் இருந்தது. சுடுவதில்லை என்று அவன் முடிவு செய்திருந்ததால் திறந்து பார்க்கவில்லை.

பத்து மணிக்கு எளாவூர் செக்போஸ்ட் லாரி வரிசையில் வண்டி சிக்கியது. முன்னே நின்ற லாரியின் இடுக்கிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒருவன் துண்டால் முகத்தைக் கட்டியிருந்தான். கையில் இரும்புக் கம்பி. நேராக வண்டியின் பின்கதவை நோக்கி நடந்தார்கள்.

டிரைவர் தானியேலின் தோளைத் தட்டினான். “அண்ணே, எறங்குண்ணே.”

தானியேல் இறங்கினான். கை தானாகப் பையைத் திறந்தது. விரலுக்கு வழவழப்பாகத் தட்டுப்பட்டது தோட்டா இல்லை. பழைய டார்ச்சின் பேட்டரிகள். தோட்டாக்களை எடுத்துவிட்டு, வீட்டில் தீர்ந்துபோன ஐந்தாறு பென்சில் பேட்டரிகளை மேரி அடுக்கியிருந்தாள், ஆடாமலிருக்க இடையில் துணி வைத்து.

பையின் பட்டனைப் போட்டான். ரைஃபிளை மார்புக்குக் குறுக்கே தூக்கிப் பிடித்தான்.

“கிட்ட வராத.”

கம்பிக்காரன் நின்றான். குழாயைப் பார்த்தான். தானியேலின் முகத்தைப் பார்த்தான்.

“டயரு தட்டிப் பாக்கப் போறோம் சார், நாங்க கிளீனருங்க” என்றான் அவன், துண்டை இறக்கி. உண்மையா பொய்யா என்று தெரியவில்லை. இருவரும் பின்வாங்கி லாரிக்கு அந்தப் பக்கம் மறைந்தார்கள்.

வரிசை நகர்ந்தது. தானியேல் வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தினான். ரைஃபிளை மடியில் வைத்துக்கொண்டான். இன்னும் ஒன்பது ஏடிஎம் இருந்தது. இரண்டு கையாலும் குழாயைப் பிடித்துக்கொண்டான். போல்ட்டின் பக்கம் கையைக் கொண்டுபோகவே இல்லை.