பிடாரி வாய்க்காலுக்குக் காதுகுத்து

செந்தாமரை அக்கா கீழ்வேளூரில் நான் வேலை பார்க்கும் ஃப்ளெக்ஸ் கடைக்கு வந்தபோது, அவளுடைய குறுவை நாற்றுக்கு வயது பதினெட்டு நாள். இருபத்தைந்தில் பிடுங்கி நட வேண்டும். முப்பதைத் தாண்டினால் மாட்டுக்குப் போட வேண்டியதுதான்.

நாலு மா, அதாவது ஒன்றேகால் ஏக்கர் சொச்சம், குத்தகை நிலம். முதல் விதைப்பு சித்திரை வெயிலில் கருகிப்போனது. இது இரண்டாவது. குளத்தில் மிச்சமிருந்த தண்ணீர் நாற்றங்காலோடு தீர்ந்தது. எங்கள் பக்கம் போர்வெல் போட்டால் உப்புத்தண்ணீர்தான் வரும். ஆற்றில் தண்ணீர் ஓடியது, ஊருக்குள் வரவில்லை. பிடாரி வாய்க்காலை மூன்று கிலோமீட்டருக்கு ஆகாயத்தாமரை மூடியிருந்தது.

மனு ஏழு கொடுத்தாயிற்று. ஒரு நாள் மறியலும் செய்தோம். பேருந்தில் மாட்டிக்கொண்டவர்கள் திட்டினார்கள். திட்டியது நியாயம்தான்.

"தம்பி, ஒரு காதுகுத்து ஃப்ளெக்ஸ் போடணும்."

"யாருக்குக்கா?"

"பிடாரி வாய்க்காலுக்கு."

நான் மவுஸிலிருந்து கையை எடுத்தேன்.

"தாய்மாமன் யாரு தெரியுமா? பி.டபிள்யூ.டி. செக்ஷன் ஆபீஸ் ராஜ்குமார் சாரு. மூணு வருஷமா புள்ளைய வந்து பார்க்காத மாமன்."

"கேஸ் போடுவாங்கக்கா."

"என்னன்னு போடுவாங்க? என்னைய மாமனாக்கிட்டாங்கன்னா? எழுதுற ஏட்டே சிரிச்சிருவாரு."

"இதெல்லாம் கூத்துக்கா. நடக்காது."

"நீ மெட்ராஸ்ல ராத்திரி வேலைய விட்டுட்டு வந்ததுலேர்ந்து எதைத்தான் நடக்கும்னு சொல்லியிருக்க? மனுன்னா நம்ம பொம்பளைங்க ஒருத்தி வர்றதில்ல. காதுகுத்துன்னதும் எந்தப் புடவை கட்டணும்னு கேக்குறாளுங்க. போடு."

போட்டேன். முந்தைய வாரம் செய்த ஒரு காதுகுத்து டிசைனையே எடுத்தேன். குழந்தை இருந்த இடத்தில் வாய்க்காலை வைத்து, ஆகாயத்தாமரை மேல் ஒரு ஜோடி தோடு மாட்டினேன். ராஜ்குமாருக்குக் கூலிங் கிளாஸ், இரண்டு பக்கமும் சிங்கம். 'தாய்மாமன் சீர் கொண்டு வருகிறார்' என்று தங்க நிற எழுத்து. வெள்ளிக்கிழமை திருவாரூர் சாலையில் மூன்று இடத்தில் கட்டினோம்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு மதகடியில் ரேடியோ செட் அலறியது. பெண்கள் பட்டுப்புடவையில் வரிசையாக வந்தார்கள். சீர்த்தட்டுகளில் வாய்க்காலில் அள்ளியவை: சாராய பாட்டில், தெர்மகோல், ஒற்றைச் செருப்பு, ஒரு ஃபேன் இறக்கை. எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். வாய்க்கால் தண்ணீர் மொண்ட பிளாஸ்டிக் குடத்துக்குப் பாவாடை கட்டி, கவரிங் தோடு போட்டு மணையில் உட்கார வைத்தாள் அக்கா. நாற்பது பேர் இருந்திருப்போம். நன்றாகத்தான் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன்.

பதினொரு மணிக்கு நாலு குட்டியானை வண்டிகள் வந்து நின்றன. பின்னால் பைக்குகள். முந்நூறு பேருக்குக் குறையாது. பக்கத்து ஊர் வீரையன், சலவை வேட்டியில், முதலில் இறங்கினார்.

"பந்தி எங்கம்மா போட்டிருக்கு?"

"என்ன பந்தி?"

"மதியம் கிடா விருந்துன்னு ஃப்ளெக்ஸ்ல போட்டிருக்கே."

பழைய டிசைனின் கடைசி வரி. அதை அழிக்க மறந்திருந்தேன். அக்கா என்னைப் பார்த்தாள். நான் மதகுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

அவளிடம் இருந்தது நாற்பது பேருக்கான டீயும் சுண்டலும். "ஏமாத்திப்புட்டாங்கடோய்" என்று ஒரு குரல் கிளம்பியது. அந்த நேரத்தில் ஜீப் வந்தது.

"எவன்யா இதை அடிச்சது?" என்று கத்திக்கொண்டே இறங்கினார் ராஜ்குமார். பின்னாலேயே அவர் மனைவி மாலதி.

"நீங்க சும்மா இருங்க. முதல்ல அந்தத் தங்கச்சி யாருன்னு நான் பார்க்கணும். கூடப் பொறந்தவளே இல்லாத மனுசனுக்குக் காது குத்துற வயசுல மருமகப் புள்ள எங்கேர்ந்து வந்துச்சு? நேத்து பஸ்ஸுல வரும்போது பார்த்தேன். எங்க அம்மா வீடு வரைக்கும் போட்டோ போயிருச்சு."

அக்கா குடத்தைத் தூக்கிப் போய் மாலதியின் இடுப்பில் கொடுத்தாள். "இதுதான் அண்ணி, புள்ள. தண்ணி இல்லாம ரொம்ப இளைச்சுப் போச்சு."

மாலதி குடத்தைப் பார்த்தார். தோட்டைப் பார்த்தார். ஆகாயத்தாமரையைப் பார்த்தார். அப்புறம் ஜீப்பில் சாய்ந்துகொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார். "இதுக்கா ராத்திரி முழுக்க சத்தியம் பண்ணுனீங்க?"

வீரையனுக்குப் பசி. "மாமன் வந்தாச்சுல்ல? அப்ப கிடா மாமன்தானே வெட்டணும்? அதானே முறை?"

"மாமா, கிடா எங்க?" என்றது கூட்டம்.

அக்கா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். "கிடா வேணாம். என் நாத்துக்கு இன்னையோட இருபத்திரண்டு நாளு. மாமன் சீரா ஒரு பொக்லைன் வந்தா போதும்."

"கிடாவா? பொக்லைனா?" செட்காரன் மைக்கில் ஆரம்பித்தான். ஊரே கைதட்டித் தாளம் போட்டது.

"மிஷினெல்லாம் வேற வாய்க்கால்ல நிக்குதும்மா. எஸ்டிமேட் போகணும், மேல கையெழுத்து ஆகணும்..."

"முந்நூறு பேருக்குப் பத்து கிடா ஆகும் சார்," என்றார் வீரையன். "சின்னக் கிடான்னா பன்னெண்டு."

"மாமன்னு ரோடு முழுக்கப் போட்டாச்சு," என்றார் மாலதி, குடத்தை இடுப்பு மாற்றிக்கொண்டு. "வெறுங்கையோட போனா எனக்குத்தான் அசிங்கம். போனை எடுங்க."

ராஜ்குமார் போனை எடுத்தார். பேசும்போது அவர் வாயோரம் கொஞ்சம் கோணியது. சிரிப்புத்தான்.

இரண்டு மணிக்குப் பொக்லைன் வந்தது. அதற்குள் பெண்கள் அரிசி சேர்த்துப் புளிச்சோறு கிண்டிவிட்டார்கள். சாப்பிட்டவர்கள் அப்படியே கிளம்பவில்லை. பாலத்தடியில் இயந்திரத்தின் கை எட்டாத இடத்தில் வீரையன் சலவை வேட்டியை அவிழ்த்து வைத்துவிட்டு டவுசரோடு இறங்கினார். முப்பது பேர் பின்னால் இறங்கினார்கள். ஒவ்வொரு கொத்து ஆகாயத்தாமரையை இழுக்கும்போதும் ஃப்ளெக்ஸில் கிடா போட்டவனை, அதாவது என்னை, ஒரு வார்த்தை திட்டினார்கள். அந்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

வேலை முடிய மூன்று நாள் ஆனது. இருபத்தாறாம் நாள் தண்ணீர் வந்தது, கணுக்கால் அளவுக்கு. மறுநாள் சேறடித்தார்கள். இருபத்தெட்டாம் நாள் நடவு.

"நாத்து முத்திப்போச்சு, தூர் கொஞ்சம் குறையும்," என்றாள் அக்கா, நாற்றுமுடியை உதறிக்கொண்டே. "அதனால என்ன, நடுறோம்ல. ஏண்டா மரம் மாதிரி நிக்கிற? நாத்துமுடிய எடுத்து வீசு."

பேண்டை மடித்துக்கொண்டு சேற்றில் இறங்கினேன். மூன்றாவது எட்டில் முகம் குப்புற விழுந்தேன். வரிசையில் இருந்த அத்தனை பெண்களும் நடவை நிறுத்திவிட்டு நிமிர்ந்து சிரித்தார்கள்.