வண்டி நிறுத்த இடமில்லாத தெரு

நடந்தே போய்வரக்கூடிய இடத்தில் ஒரு வீடு வேண்டும் என்று மூன்று நாளாகக் காரில் சுற்றிக்கொண்டிருந்தோம். இதில் இருந்த கோமாளித்தனம் எங்கள் இருவருக்குமே உறைக்கவில்லை. அண்ணன் ஓட்டினான், நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒரு வாசலில் இறங்குவோம், சமையலறையை எட்டிப் பார்ப்போம், குழாயைத் திறந்து மூடுவோம், மறுபடி ஏறிக்கொள்வோம். தெருவை நான் பார்த்ததெல்லாம் கார்க் கண்ணாடி வழியாகத்தான்.

நான் வண்டி ஓட்டக் கூடாது. ஆறு மாதம் முன்பு, பழைய ஊரில் வேலை செய்த ஆய்வகத்தில், ரத்த மாதிரிகளைச் சரிபார்த்துக்கொண்டு நின்றவள் அப்படியே விழுந்துவிட்டேன். வலிப்பு. கண் திறந்தபோது கூட வேலை செய்தவர்கள் எல்லாரும் என்னைச் சுற்றி நின்றார்கள். மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டர், திரும்ப வரலாம், வராமலே போகலாம் என்றார். தனியாக இருக்கலாமா என்று கேட்டேன். தாராளமாக இருங்கள், நாலு பேர் கண்ணில் படுகிற மாதிரி இருங்கள் என்றார். கார் சாவியை மட்டும் யாரிடமாவது கொடுத்துவிடச் சொன்னார்.

அண்ணனிடம்தான் கொடுத்தேன். அன்றிலிருந்து நான் எங்கே போவதானாலும் அவனே ஊரிலிருந்து வந்து ஓட்டிக்கொண்டு போனான். எனக்கு ஓட்டக் கற்றுக் கொடுத்தவனும் அவன்தான். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறான். கோட்டைத் தாண்டி ஒரு சாண் வண்டியை நிறுத்தினாலும் கற்றுக்கொள்ள வந்தவர்களை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவான். நடப்பது என்பது அவனைப் பொறுத்தவரை வண்டி பஞ்சரானவர்கள் செய்யும் வேலை.

இப்போது அவன் ஊரிலேயே ஒரு பெரிய மருத்துவமனையில் எனக்கு ஆய்வகப் பொறுப்பாளர் வேலை கிடைத்துவிட்டது. திங்கள்கிழமை சேர வேண்டும். அண்ணன் வீடு ஊரை விட்டு வெகு தூரம் தள்ளி இருந்தது. அண்ணி எனக்காக ஒரு அறையை ஒழித்து, புதுத் திரைச்சீலை மாட்டி, கட்டிலைச் சுவரோரமாக நகர்த்தி வைத்திருந்தாள். கட்டிலிலிருந்து விழுந்துவிடுவேனாம். "காலைல நான் கொண்டுபோய் விடறேன், சாயந்தரம் கூட்டிட்டு வர்றேன், உனக்கு என்ன குறைச்சல்?" என்றான் அண்ணன். ஒரு குறையும் இல்லை. உள்ளங்கையில் வைத்துத் தாங்கினார்கள். அதுதான் பயமாக இருந்தது. முப்பத்தெட்டு வயதில், அந்த வீட்டில் எனக்கு இன்னும் பாப்பா என்றுதான் பெயர். திங்கள்கிழமைக்குள் வீடு கிடைக்காவிட்டால் அந்த அறையில் குடியேறிவிடுவேன், அப்புறம் அங்கிருந்து கிளம்பவே மாட்டேன் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அண்ணன் சொல்வது தப்பு என்று அடித்துச் சொல்லவும் தைரியம் வரவில்லை. தனியாக இருக்க உன்னால் முடியாது என்று அவன் சொல்வது ஒருவேளை சரியாகவே இருந்துவிட்டால்?

தரகர் மோட்டார் சைக்கிளில் முன்னே போவார், நாங்கள் பின்னால் போவோம். கடை எங்கே என்று கேட்டால், "கூப்பிடு தூரம்தாங்க." பஸ் எங்கே நிற்கும்? "ஒரு எட்டு வெச்சா வந்துடும்." அந்த மனிதர் கால் தரையில் பட்டு நான் பார்க்கவில்லை. வண்டியில் போகிறவருக்கு எல்லாமே ஒரு எட்டுதான்.

மூன்றாம் நாள் காட்டிய இடம் எனக்குப் பிடித்துப்போய்விட்டது. அகலமான நடைபாதை, இரண்டு பக்கமும் மரம், ஓரத்தில் பெஞ்சு. காலாற நடக்கலாம் என்று தரகர் சொன்னார், அது பொய்யில்லை. வீடும் பெரிது. அண்ணனுக்கு அதைவிடத் திருப்தி: வாசலிலேயே கார் நிறுத்தலாம், தெருவில் இன்னும் நாலு கார் நிறுத்தலாம். முன்பணம் கொடுத்துவிடலாம் என்று பையைத் திறந்தேன்.

அண்ணன் தெருவை இப்படியும் அப்படியும் பார்த்தான். பிறகு, ஆறு மாதமாகச் சொல்லாமல் மென்று விழுங்கிக்கொண்டிருந்ததைச் சொல்லிவிட்டான்.

"பாப்பா, நீ இங்க விழுந்தா யாரு தூக்குவா?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "பார்ப்போமா?" என்று கேட்டுவிட்டு, நின்ற இடத்திலேயே நடைபாதையில் உட்கார்ந்தேன். தரகர் பதறிப்போய்த் தன் மோட்டார் சைக்கிளைத் துடைக்க ஆரம்பித்தார்.

உட்கார்ந்தே இருந்தேன். கார்கள் போயின. காதில் எதையோ மாட்டிக்கொண்டு ஓடிவந்த ஒருவர் என்னைச் சுற்றிக்கொண்டு ஓடினார். எதிர் வீட்டு மாடியில் ஒரு அம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு ஜன்னலைச் சாத்தினாள். கடைசியில் ஒரு காவல்காரர் வந்தார். எனக்கு ஒரு நிமிடம் நிம்மதியாகக்கூட இருந்தது.

"இங்க உக்காரக் கூடாதுங்க. பெஞ்சு அங்க இருக்கு."

அவர் பேரில் தப்பில்லை. அவருக்குச் சொல்லியிருக்கும் வேலை அது. அந்தத் தெருவில் யாரும் எங்கேயாவது போவதற்காக நடக்கவில்லை, உடம்பு இளைக்க நடந்தார்கள். அது முடிந்ததும் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அண்ணன் ஜெயித்துவிட்டான். ஆனால் ஜெயித்தவன் முகமாக அது இல்லை. கையை நீட்டினான், பிடித்துக்கொண்டு எழுந்தேன். அந்தப் புதுத் திரைச்சீலை கண் முன்னால் வந்தது. எனக்கு அழுகை வந்தது, அதையும் அடக்கிக்கொண்டேன்.

"வேற எதுவும் இல்லையா?" என்று தரகரைக் கேட்டேன்.

"ஆஸ்பத்திரி பின்வாசல்கிட்ட ஒண்ணு இருக்கு மேடம். அது உங்களுக்குச் சரிப்படாது. வண்டி நிறுத்த இடமே கிடையாது."

"அதைக் காட்டுங்க."

அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. தெரு ஆரம்பத்திலேயே காய்கறித் தள்ளுவண்டி, அதற்கு எதிரில் பழைய பேப்பர்க்காரர், நடுவில் பள்ளிக்கூடம் விட்டுப் போகிற பிள்ளைகள். அண்ணன் ஹாரன் அடித்தான், யாரும் அதை ஒரு பொருட்டாக மதிக்கவில்லை. "இது தெருவா, சந்தையா? நீ இறங்கிப் பாத்துட்டு இரு, நான் எங்கயாவது நிறுத்திட்டு வர்றேன்" என்று என்னை இறக்கிவிட்டுப் போனான். ஆறு மாதத்தில் முதல் தடவையாக ஒரு தெருவில் நான் தனியாக நடந்தேன். பக்கத்தில் நடந்தவர்கள் தோளில் இடித்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

வீடு தையல் கடைக்கு மேலே, மாடியில் இருந்தது. சமையலறையில் திரும்ப வேண்டுமென்றால் வெளியே வந்து திரும்பிக்கொண்டு போக வேண்டும். ஜன்னலைத் திறந்தால் தையல் மெஷின் சத்தம். ஆனால் மருத்துவமனையின் பின்வாசல் அங்கிருந்தே தெரிந்தது. வீட்டுக்காரர் மாலையில்தான் வருவார் என்று தரகர் சொல்லிவிட்டு போன் பேசப் போய்விட்டார். அண்ணனுக்காகக் காத்திருக்கலாம் என்று கீழே இறங்கி வந்தேன். அவன் கார் ஒரு தடவை என்னைக் கடந்து போயிற்று. இடம் இல்லை என்று கையை விரித்துக் காட்டினான். இன்னொரு தடவையும் கடந்து போயிற்று.

அப்போதுதான் என் செருப்பின் வார் அறுந்தது. தையல் கடைப் படியில் உட்கார்ந்து, அறுந்த வாரைக் கோர்க்கலாம் என்று குனிந்தேன்.

"ஏ, அந்தப் பொண்ணைப் பாரு! பொண்ணைப் பாரு!"

சாவி வெட்டுகிற கடைக்காரர் சத்தம் போட்டார். யாரைச் சொல்கிறார் என்று நிமிர்வதற்குள் மருந்துக் கடை அம்மாள் தண்ணீர் பாட்டிலோடு வந்துவிட்டாள். தையல்காரர் உள்ளேயிருந்து நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். என்னைப் பிடித்து அதில் உட்கார வைத்த தள்ளுமுள்ளில் செருப்பு தெருவுக்குப் போய்விட்டது, அறுந்த வார் மட்டும் கையில் இருந்தது. என் தலையில் தண்ணீர் விழுந்தது.

"செருப்புங்க, செருப்பு அறுந்துடுச்சு..." என்றேன்.

"என்னமோ செருப்புன்னு சொல்லுது, பாவம்" என்றார் சாவிக்காரர்.

"மயக்கத்துல அப்படித்தான் உளறும். காத்து விடுங்க, எல்லாரும் தள்ளுங்க!" என்றாள் மருந்துக் கடை அம்மாள். தள்ளச் சொன்னவள் முழுசாக என்னை மறைத்துக்கொண்டு நின்றாள்.

அண்ணன் மூன்றாவது சுற்று வந்துகொண்டிருந்திருக்கிறான். தள்ளுவண்டிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டவனுக்குத் தூரத்தில் கூட்டம் தெரிந்திருக்கிறது. கூட்டத்துக்கு வெளியே தெருவில் கிடந்த என் ஒற்றைச் செருப்பும் தெரிந்திருக்கிறது. அவ்வளவுதான். எஞ்சினை அணைக்காமல், கதவைச் சாத்தாமல், வண்டியை நட்ட நடுத்தெருவில் போட்டுவிட்டு ஓடிவந்தான். அண்ணன் ஓடி நான் பார்த்தே எத்தனையோ வருஷம் ஆயிற்று.

"யாருங்க நீங்க? தள்ளி நில்லுங்க!"

"என் தங்கச்சிங்க அவ!"

"தங்கச்சின்னா என்ன, காத்து வர வேண்டாமா? அதான் நாங்க பாத்துக்கிட்டிருக்கோம்ல?"

தலையெல்லாம் நனைந்துபோய், நாற்காலியிலிருந்து எழுந்து நின்று அறுந்த வாரைத் தூக்கிக் காட்டினேன். "எனக்கு ஒண்ணும் இல்லண்ணா. செருப்பு அறுந்துடுச்சு."

ஒரு கணம் எல்லாரும் வாரைப் பார்த்தார்கள். பிறகு தையல்காரர்தான் முதலில் சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை. அவன் முகத்தில் ஈயாடவில்லை. எனக்கு என்று போட்ட நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தான். எனக்கு என்று கொண்டுவந்த தண்ணீரில் மிச்சத்தை அவனிடம் கொடுத்துக் குடிக்கச் சொன்னாள் மருந்துக் கடை அம்மாள்.

"நிஜமாவே உனக்கு ஒண்ணும் இல்லையேம்மா?" என்று அவள் என் பக்கம் திரும்பினாள்.

வலிப்பு என்ற வார்த்தையை நான் வீட்டிலேயே வாய்விட்டுச் சொன்னதில்லை. ‘உடம்புக்கு வந்தது’ என்றுதான் சொல்வோம். எங்கிருந்து தைரியம் வந்ததோ, "எனக்கு வலிப்பு இருக்குங்க. மாத்திரை சாப்பிடறேன். ஆனா இன்னிக்கு நிஜமாவே செருப்புதான்" என்றேன்.

"என்ன மாத்திரை?"

சொன்னேன்.

"அதுவா? நம்ம கடைலயே இருக்கு."

"சாவிக்கும் கவலையில்ல மேடம். வலிப்பு வந்தா கையில சாவி குடுப்பாங்கல்ல, எங்கிட்ட கூடை கூடையா இருக்கு" என்றார் சாவிக்காரர்.

"வாயை மூடுங்க. சாவியும் குடுக்கக் கூடாது, ஒண்ணும் குடுக்கக் கூடாது. ஒருக்களிச்சுப் படுக்க வெச்சுட்டு பக்கத்துல இருக்கணும்" என்று மருந்துக் கடை அம்மாள் அவரை ஒரு போடு போட்டாள். ஆய்வகத்தில் என்னோடு பத்து வருஷம் இருந்தவர்களுக்கு அது தெரிந்திருக்கவில்லை. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. இந்தத் தடவை அடக்கவில்லை.

அதற்குள் தெரு முழுக்க ஹாரன் சத்தம். "யாருய்யா அது, அறிவிருக்கா? நடுரோட்டுல கதவைத் திறந்து போட்டுட்டுப் போயிருக்கான்!" என்று யாரோ கத்தினார்கள். அதே வார்த்தைகளை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பான் அண்ணன்! மெதுவாகக் கையைத் தூக்கி, "என்னோடதுதாங்க" என்றான். பழைய பேப்பர்க்காரர் தானே ஏறி, வண்டியைத் தெருமுனைக்கு ஓட்டிக்கொண்டுபோய் நிறுத்திவிட்டு வந்து சாவியைக் கையில் கொடுத்தார். கோட்டுக்குள்தான் நிறுத்தியிருக்கிறேன் என்று வேறு சொன்னார்.

தையல்காரர் முணுமுணுத்துக்கொண்டே என் வாரை மெஷினில் வைத்து இரண்டு ஓட்டு ஓட்டிக் கொடுத்தார். அண்ணன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பாப்பா, இங்க வண்டி நிறுத்த இடமே இல்ல."

"ஆமாண்ணா."

"அப்புறம் நான் எப்படி உன்னைப் பாக்க வர்றது?"

அவனுக்கு நான் விழுவதைப் பற்றி மட்டும்தான் கவலை என்று ஆறு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கோபம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை.

"தெருமுனைல நிறுத்திட்டு நடந்து வா. இப்போ போய்த்தான் பாரேன்" என்றேன்.

இருவரும் நடந்தோம். அண்ணனுக்கு நடக்கத் தெரியவில்லை. தள்ளுவண்டிக்கு வழிவிட்டு நின்றான், பிள்ளைகளுக்கு வழிவிட்டு நின்றான், ஒவ்வொரு தடவையும் பின்னால் திரும்பிப் பார்த்தான். காரில் பின்னால் பார்க்கிற கண்ணாடி இல்லாமல் அவனுக்குக் கஷ்டமாக இருந்திருக்க வேண்டும். சாவிக்காரர், "சார், இப்போ பரவாயில்லையா?" என்று அவனைத்தான் விசாரித்தார்.

கார் வந்துவிட்டது. அவன் திரும்பி, தையல் கடை தெரிகிறதா என்று பார்த்தான்.

"இவ்வளவுதானா?" என்றான்.

கதவைத் திறந்து உட்கார்ந்தான். பக்கத்துக் கதவைத் திறந்துவிடக் கை போயிற்று. மூன்று நாளாக, ஆறு மாதமாக, சின்ன வயதிலிருந்தே போன கை அது. பாதியில் அதை இழுத்துக்கொண்டு ஸ்டியரிங்கில் வைத்தான்.

"வீட்டுக்காரர்கிட்ட பேசி முடிச்சுட்டு பஸ்ல வந்துடு. அண்ணி உனக்குச் சாப்பாடு எடுத்து வெச்சிருப்பா."

ஏறு என்று அவன் சொல்லவில்லை.