பனிநாட்டு இளவரசனுக்கு வைத்த பெயர்

முதல் அடியிலேயே அன்புமணியின் உதடு கிழிந்தது. டெம்போவில் ஏற்றுவதற்காக இரண்டு கையிலும் பிடித்திருந்த தேங்காய்களை அவன் கீழே போடக்கூட இல்லை. "ஏனுங்க சின்னவருங்க, என்ன ஆச்சுங்க?" என்று கேட்டான். ரவிக்குமார் அதே இடத்தில் மறுபடியும் குத்தினான்.

அதற்குச் சற்று முன்பு, களத்து வாசலை ஒட்டிய ஆபீஸ் அறையில் இனியா தன் அலைபேசியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். தோழி நிதாவுக்கு அனுப்பும் முன், தான் பேசிப் பதிவு செய்ததை ஒருமுறை கேட்டுப் பார்ப்பது அவள் வழக்கம். இன்று சத்தமே வரவில்லை. ஒலியைக் கூட்டினாள். இன்னும் கூட்டினாள். பிறகுதான் தன் குரல் வெளியே எங்கிருந்தோ முழங்குவது காதில் விழுந்தது. வாசலில் அண்ணன் ரவிக்குமார் ஏசி போட்டுக் காரில் உட்கார்ந்திருந்தான். பாட்டுக் கேட்பதற்காக என்றோ அவள் அலைபேசியை அந்தக் காரோடு இணைத்திருந்தாள். அது தானாகவே போய்க் காரில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"நிதா, இந்த அன்புமணி என்னையச் சுவத்தோட சாச்சு நிறுத்திப்போட்டான்டி. ரெண்டு பக்கமும் கைய ஊணி மறிச்சுக்கிட்டான். எனக்கு மூச்சே நின்னுபோச்சு."

ரவிக்குமார் கேட்டது அவ்வளவுதான். கதவைத் திறந்தபடி விட்டுவிட்டுக் களத்துக்குள் பாய்ந்தான். ஆளில்லாத கார் மட்டும் பேசிக்கொண்டே இருந்தது. "இதுக்குப் பேரு காதலாமா. நெசத்துல எவனாச்சும் இப்புடி மறிச்சா முழங்கால்ல ஒண்ணு குடுக்க மாட்டமா? ஆனா சாயங்காலம் ஆனதும் றெக்க மொளச்சு, பருந்தாட்டப் பறந்து போறான் பாரு, அந்த எடத்துல சொக்கிப்போயிட்டேன். ஒத்துக்கறேன்."

இனியாவும் நிதாவும் கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள். இனியா இப்போது உடுமலைப்பேட்டைக்கு வெளியே இருக்கும் தங்கள் குடும்பத்துத் தேங்காய்க் களத்தில் பில் போடுகிறாள். நிதா கோயம்புத்தூர்க் கோட்டைமேட்டில் இருக்கிறாள். இருவரும் ஒரே சமயத்தில் ஒரே மொழிபெயர்ப்பு நாவலைப் படித்து, மனதில் பட்டதை ஒளிவுமறைவில்லாமல் பேசி அனுப்பிக்கொள்வார்கள். இம்முறை ஒரு பனிநாட்டுக் கதை. கதாநாயகியே சொல்லிக்கொண்டு போகிற நாவல் என்பதால் இனியாவும் 'நான்' என்றே சொல்வாள். மற்றவர்களின் பெயர்கள் வாயில் நுழையாது. பாதிப் புத்தகத்தில் யார் யாரென்று குழம்பிவிடும். அதனால் தெரிந்தவர்களின் பெயர்களை வைத்துக்கொள்வார்கள். நிதாவின் மாமி தாஜுன்னிசா ஏற்கெனவே பல நாவல்களில் சூனியக்காரியாக இருந்து எரிந்து சாம்பலாகியிருக்கிறார். சிரிக்கவே தெரியாத இளவரசன் ஒருவன் வந்தபோது, களத்தில் டெம்போ ஓட்டும் அன்புமணியின் ஞாபகம் இனியாவுக்கு வந்தது. நேரில் அவனை 'அன்புமணி அண்ணா' என்பாள். "அண்ணாங்கற, அப்பறம் முத்தம் குடுத்தான்ங்கற, கர்மம்!" என்று நிதா கத்தியதில் கதைக்குள் அண்ணா போய்விட்டது.

அலறல் கேட்டு இனியா ஓடினாள்.

அன்புமணி மட்டைக் குவியலில் மல்லாந்து கிடந்தான். ரவிக்குமார் அவன் விலாவில் உதைத்துக்கொண்டிருந்தான். அவள் படித்த போர்களில் எலும்புகள் நொறுங்கும், ரத்தம் ஆறாக ஓடும், அடுத்த அத்தியாயத்தில் வீரன் எழுந்து வாளைத் தேடுவான். ஒவ்வொரு உதைக்கும் அன்புமணியின் வாயிலிருந்து வந்த அந்தச் சத்தத்தை யாரும் எழுதியிருக்கவில்லை. புரையேறிய குழந்தையின் சத்தம் அது.

"அண்ணா, விடு! அது கதைண்ணா! பொஸ்தகத்துல வர்ற ஆளு!"

"நேத்து வரைக்கும் அன்புமணி அண்ணா. இன்னைக்கு வெறும் அன்புமணியா?"

"கதைக்காக வெச்ச பேருண்ணா!"

"எங்க, பொஸ்தகத்தக் கொண்டா."

ஓடிப்போய் எடுத்து வந்து, அந்தப் பக்கத்தை விரித்துக் கொடுத்தாள். ரவிக்குமார் ரத்தக் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு, வரி வரியாக விரலை ஓட்டினான். விரல் அடியில் வந்து நின்றது.

"எங்கடி இருக்கான் அன்புமணி? வேற என்னமோ பேரல்ல போட்டிருக்குது?"

"அது வாயில நொழையலீன்னுதான் மாத்தினோம்."

"ஊர்ல இத்தன பேரு இருக்கையில இவம் பேருதான் நொழஞ்சுதா?"

புத்தகம் மட்டைக் குவியலுக்கு அப்பால் போய் விழுந்தது. மட்டை பொறுக்கிக்கொண்டிருந்த முத்தாத்தாள் தலையைச் சொறிந்தபடி முன்னால் வந்தாள். "சின்னவருங்க, காரு பேசுனதப் பூராவும் நான் கேட்டனுங்க. அப்பறமா அவனுக்கு றெக்க மொளச்சுப் பறந்துட்டான்னு புள்ள சொல்லுச்சுங்க. இவனுக்கு ஏதுங்க றெக்க? டெம்போவுக்கே நல்ல டயரு இல்லீங்க."

வாசலில் கூடியிருந்தவர்களில் யாரோ சிரித்தார்கள்.

அண்ணனின் முகம் மாறியதை இனியா பார்த்தாள். அவனுக்குப் புரிந்துவிட்டது, நம்பியும் விட்டான். அப்பாடா என்று அவள் மூச்சு விடுவதற்குள் அவன் அன்புமணியின் தலைமுடியைக் கொத்தாகப் பற்றினான்.

"கதையோ நெசமோ, ரோட்டுல போறவனெல்லாம் கேட்டுப்போட்டான். இனி எவங்கிட்டப் போயி நான் கதைன்னு வெளக்கிக்கிட்டு இருக்கறது?"

தேங்காய் உரிப்பதற்காக மண்ணில் நட்டிருந்த இரும்புப் பாரைப் பக்கம் அவனை இழுத்துப் போனான். இடுப்புயரம், மேல்நோக்கிய கூர் நுனி. அன்புமணி கையை நீட்டித் தடுத்தான். ரவிக்குமார் அந்தக் கையையே நுனியில் வைத்து, மேலே தன் பாரத்தைப் போட்டு அழுத்தினான். பாரை உள்ளங்கையில் ஏறிப் புறங்கையில் வெளிவந்தது. அன்புமணியின் கத்தல் பாதியில் அறுந்தது. கையை உருவி எடுத்துவிட்டு ரவிக்குமார் அவன் கழுத்தைப் பிடித்துப் பாரையின் நுனியை நோக்கிக் குனிய வைத்தான்.

களத்தில் எல்லோரும் நின்றார்கள். எல்லோருக்கும் சம்பளம் ரவிக்குமார்தான் கொடுக்கிறான். நாவலாக இருந்தால் இந்த இடத்தில் யாராவது வந்துவிடுவார்கள். அப்படி வரும்போதெல்லாம், எழுதியவருக்குச் சோம்பேறித்தனம் என்று இனியா நிதாவிடம் திட்டியிருக்கிறாள். இப்போது வாசலைப் பார்த்தாள். வாசலில் இருந்தவர்கள் அலைபேசியை உயர்த்திப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

உரித்த தேங்காய் ஒன்றை எடுத்து, இரண்டு கையாலும் ஓங்கி அண்ணனின் பிடரியில் அடித்தாள். தேங்காய் உடையவில்லை. அவன் திரும்பினான். "அடிப்பாவி" என்று தொடங்கியவனின் மூக்கில் அதே தேங்காயால் மறுபடியும் அடித்தாள். எலும்பு முறிவது கையில் தெரிந்தது. அவன் மண்ணில் உட்கார்ந்து, முகத்தைப் பொத்திக்கொண்டான்.

"அக்கா, பிடிங்க" என்றாள். முத்தாத்தாள் கால் பக்கம் பிடித்தாள். அண்ணனின் காரிலேயே அன்புமணியைக் கிடத்தி, இனியா ஓட்டினாள்.

மருத்துவமனைக்கு அவர்கள் போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்தில் பெரியப்பா சுப்பையனும் வந்துவிட்டார். சட்டையில் மடிப்புக் கலையவில்லை. டாக்டர் கேட்கும் முன்பே சொன்னார். "களத்துல வேலையா இருக்கையில பாரை மேல தவறி விழுந்துட்டானுங்க டாக்டர்." பிறகு குனிந்து, "செலவெல்லாம் நாங்க பாத்துக்கறோம் சாமி. உம்பட ஊடு எங்க தோட்டத்துக்கு நடுவுலதான இருக்குது?" என்று அன்புமணியின் தோளைத் தட்டினார். அடிபட்ட தோள்.

டாக்டர் அன்புமணியைப் பார்த்தார். "விழுந்ததா?"

அவன் கண்ணை மூடிக்கொண்டான். இனியா முன்னால் வந்தாள். "டாக்டர், நான் சொல்றேனுங்க."

"வேண்டாங்க அம்மணி" என்றான் அன்புமணி. கண்ணைத் திறக்கவில்லை. "எம் பேர வெச்சு நீங்க சொன்னது போதுமுங்க."

பெரியப்பா மெல்லச் சிரித்து, "கேட்டியா கண்ணு, வா ஊட்டுக்குப் போலாம்" என்று அவள் கையைப் பிடித்தார்.

"விழுகுலீங்க" என்றான் அன்புமணி. பெரியப்பாவின் பிடி இறுகியது. "அடிச்சாங்க. ரவிக்குமார். களத்துக்காரரு. கையப் பாரையில குத்துனதும் அவருதானுங்க."

கிழிந்த உதட்டில் சொற்கள் குழைந்து வந்தன. டாக்டருக்கு விளங்கவில்லை. அன்புமணி ஒருக்களித்துக் கிண்ணத்தில் ரத்தத்தைத் துப்பிவிட்டு, ஆரம்பத்திலிருந்து மறுபடியும் சொன்னான்.