இரண்டாம் தரம் கேட்காத ஊர்

1

இந்தக் கதை நான் நினைக்கும் விதத்தில்தான் நடந்ததா என்பது எனக்கு நிச்சயமில்லை. பிலிப்பினோ மொழி படிக்கப் பிலிப்பைன்ஸுக்குப் போகப்போவதாக என் மனைவி நேசமணி என்னிடம் மூன்று தரம் சொன்னாளாம். இடங்களைக்கூடச் சொல்கிறாள்: ஒரு தரம் குசினியில் சமைத்துக்கொண்டு, ஒரு தரம் வெஸ்ட்லி நிலையத்தில் ரயிலுக்குக் காத்திருந்தபோது, ஒரு தரம் பூசை முடிந்து கோயில் வாசலில். முதல் இரண்டிலும் என் கையில் இருந்த புத்தகங்கள் நினைவிருக்கின்றன. மூன்றாவதில் கையில் புத்தகம் இருந்திருக்காது. மண்டைக்குள் இருந்திருக்கும்.

கதை பிறந்த காரணத்தையும் ஒப்புக்கொண்டு விடுகிறேன். ஒஸ்லோவில் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஒரு கதை வேண்டுமென்று மலராசிரியர் தில்லைநாதன் போன் எடுத்தார்.

"யோசேப்பு அண்ணை, மொழி சம்பந்தமா ஏதும் எழுதுங்கோ. முடிவிலை தமிழ்தான் பெரிசு எண்டு வந்தாக் காணும்."

"மனுசி பிலிப்பினோ படிச்ச கதை ஒண்டு இருக்கு."

"பிலிப்பினோவோ?" கொஞ்சம் யோசித்தார். "அதுவும் நல்லதுதான். அதுக்குள்ளையும் தமிழ்ச் சொல்லு கனக்கக் கிடக்காம். அதைக் கடைசியிலை போட்டு விடுங்கோ."

சரி என்று சொன்னேன். [சொல்லவில்லை. பேசாமல் இருந்தேன். என் மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொண்டவர்களால்தான் என் வாழ்க்கையின் பெரும்பகுதி நடந்திருக்கிறது.]

2

முதல் தொடக்கம்: "வெண்பனி மெல்ல மெல்லப் பொழிந்துகொண்டிருந்தது. நேசமணி யன்னலூடாக—"

பனி பொழியாத கதையை மலரில் போடமாட்டார்கள். ஆனால் நடந்தது யூன் மாதம். அடித்துவிட்டேன்.

இரண்டாவது தொடக்கம்: "நேசமணி தன் மனக்குறையைக் கணவனிடம் கூறினாள். அவன் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, பரிவோடு அவள் கையைப் பற்றி—"

இதை நேசமணி என் தோளுக்குப் பின்னால் நின்று வாசித்தாள். "ஆர் இந்த ஆள்?" என்று கேட்டாள்.

மூன்றாவது தொடக்கம். இதில் அலங்காரம் இல்லை, இருக்கட்டும்.

நேசமணி ஒஸ்லோவில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் பதினொரு வருடமாக வேலை செய்கிறாள். கூட வேலை செய்பவர்கள் லூர்தெஸ், மாரிசெல் என்ற இரண்டு பிலிப்பினோப் பெண்கள். மத்தியான இடைவேளையில் அவர்கள் இருவரும் ஒரு மேசை, இவள் யன்னலோரமாக இன்னொரு மேசை. இவள் அறைக்குள் நுழைந்ததும் அவர்கள் சாப்பாட்டுப் பெட்டியைச் சட்டென்று மூடுவார்கள். தங்கள் மொழியில் ஏதோ தாழ்ந்த குரலில் சொல்லுவார்கள். பிறகு இவளைப் பார்த்துச் சிரிப்பார்கள். பதினொரு வருடமாக.

"என்னைப் பற்றித்தான் கதைக்கினம்," என்பாள் நேசமணி.

"நேரை கேளுங்கோவன் அம்மா," என்பாள் மகள் சிந்தியா. இங்கே பிறந்தவள். "இஞ்சை எல்லாரும் நேரை கேக்கிறவை."

"கேட்டால் ஒண்டுமில்லை எண்டு சொல்லுவினம். அதைக் கேக்கவோ நான் போறது?"

வேலையை விடுகிறேன் என்று ஒரு கடிதத்தைச் சிந்தியாவைக் கொண்டு நோர்வேஜிய மொழியில் எழுதுவித்து, கையொப்பமும் வைத்து, திகதியை மட்டும் விட்டுவிட்டு, கரண்டிகள் கிடக்கும் மேசை லாச்சிக்குள் வைத்திருந்தாள். தன்னை இழிவாகப் பேசுகிறார்கள் என்று தெரிந்தால் அன்றே திகதி போடுவாள். ஆனால் தெரிய வேண்டும். அந்த வேலையில் அவளுக்குப் பிரியம். சும்மா சந்தேகத்துக்காக விட மனமில்லை. அப்போது சிந்தியா பகிடிக்கு ஒரு விளம்பரத்தை அனுப்பினாள்: பிலிப்பைன்ஸில் ஆறு கிழமை, அதாவது ஒன்றரை மாதம், ஒரு குடும்பத்தோடு தங்கி, காலை எழும்பியது முதல் படுக்கும்வரை பிலிப்பினோவில் மட்டுமே பேச வேண்டும்.

எங்கள் வீட்டில் பகிடி விளங்காத ஒரே ஆள் நேசமணி.

3

கோயில்காரரிடமும் வேலையிடத்திலும் எங்கள் மன்னாரில் மடுமாதா கோயில் திருவிழாவுக்குப் போவதாகச் சொன்னாள். விமான நிலையத்தில் அவளுடைய பையில் கட்டியிருந்த சீட்டைப் பார்த்தேன்.

"மடுவுக்கு இப்ப மணிலாவாலையோ போறது?"

"மூண்டு தரம் சொன்னனான்," என்றாள். திரும்பிப் பார்க்காமல் போனாள்.

அடுத்து வரவேண்டியது பிலிப்பைன்ஸ் அத்தியாயம். "கடல்காற்றில் கருவாடு காய்ந்தது. மணலில் வள்ளங்கள்—" நிறுத்தினேன். இது மன்னார். எனக்குத் தெரிந்த ஒரே கடற்கரை அதுதான் என்பதால் எந்தக் கடலை எழுதினாலும் அங்கேயே போய் நிற்கிறது. பிலிப்பைன்ஸுக்கு நான் போனதில்லை. அவள் தங்கிய ஊரின் பெயர்கூட நினைவில்லை. (அதையும் சொன்னாளாம்.)

ஆகவே என்னிடம் இருப்பது குரல்செய்திகள் மட்டும். தமிழில் பேசினால் வகுப்புப் பலகையில் பெயர் எழுதிவிடுவார்கள் என்பதால், குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுப் பேசி அனுப்புவாள்.

"இஞ்சேருங்கோ, வகுப்பிலை மூண்டு பேர். ஒரு கொரியாச் சிஸ்டர், ஒரு ஜெர்மன்காரன், நான். ஜெர்மன்காரன் எல்லாத்தையும் கொப்பியிலை எழுதுறான், வாயைத் திறக்கிறான் இல்லை. உங்களை மாதிரி. ரீச்சர் என்னைத்தான் கெட்டிக்காரி எண்டுறா. எனக்கெண்டால் காது பதினொரு வருசமாப் படிச்சுக் கிடந்திருக்கு. வாய்தான் மிச்சம்."

ஒவ்வொரு செய்திக்கும் நான் ஒரு கட்டைவிரல் படம் அனுப்பினேன்.*

* நேசமணி வாசித்துவிட்டுச் சொன்னது: "எல்லாத்துக்கும் இல்லை. நாலுக்கு."

4

நாலாவது கிழமையில் வந்த செய்தி நீளமானது. தண்ணீர்ச் சத்தம் அதிகமாக இருந்தது. அழுதாள் என்று நினைக்கிறேன்.

அன்று ரீச்சர் சாப்பாட்டு மரியாதை படிப்பித்திருக்கிறா. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது யார் கடந்து போனாலும், தெரிந்தவரோ தெரியாதவரோ, "காயின் தாயோ" என்று சொல்ல வேண்டும். வாருங்கள் சாப்பிடுவோம் என்று அர்த்தம். கடந்து போகிறவர் நன்றி, வயிறு நிறைந்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போகலாம். விசயம் அவ்வளவுதான். மறுத்தவரும் குறை நினைப்பதில்லை, அழைத்தவரும் நினைப்பதில்லை.

எங்கள் வழக்கம் வேறு. முதல் தரம் கேட்டால் வேண்டாம் என்பது மரியாதை. இரண்டாம் தரம் கேட்டால் சும்மா இருங்கோ என்பது மரியாதை. மூன்றாம் தரம்தான் கை நீளும். ஒரு தரம் மட்டும் கேட்கிற வீட்டில் நாங்கள் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. அங்கே மனதில்லாமல் கேட்டார்கள் என்று மூன்று தலைமுறைக்குச் சொல்லிக்கொண்டிருப்போம். நோர்வேக்காரரோ இதையெல்லாம் ஒரே சொல்லில் முடித்துவிட்டார்கள். "நை தக்" என்றால் வேண்டாம். சொன்னவனின் வயிறு என்ன சொல்கிறது என்று இந்த நாட்டில் யாரும் விசாரிப்பதில்லை.

"முதல் நாள் லூர்தெஸ் என்னைக் கேட்டவள்," என்றது தண்ணீருக்குள்ளிருந்து நேசமணியின் குரல். "வடிவா ஞாபகம் இருக்கு. பெட்டியை நீட்டினவள். நான் நை தக் எண்டனான். ரெண்டாந்தரம் கேப்பாள் எண்டு பாத்துக்கொண்டு நிண்டனான். கேக்கேல்லை. பதினொரு வருசமாப் பாத்துக்கொண்டிருந்திருக்கிறனப்பா."

இத்தோடு கதையை முடித்திருக்கலாம். ஆனால் பெட்டியை மூடுவதும் சிரிப்பதும் ஏன் என்று இன்னும் தெரியவில்லையே. கடிதம் லாச்சிக்குள் கிடந்தது.

5

திரும்பி வந்து ஒன்றும் தெரியாதவள்போல யன்னலோர மேசையில் இருந்தாள். அவர்கள் என்ன கதைத்தார்கள் என்று பின்னேரங்களில் எனக்கு அறிக்கை கிடைத்தது. நான் புத்தகப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு கேட்டேன்.

"இண்டைக்கு லூர்தெஸ் ஊரிலை கட்டுற வீட்டின்ரை கூரை."

"இண்டைக்கு மாரிசெலின்ரை மாமி. சரியான பொல்லாத மனுசி. எனக்கே கோவம் வந்திட்டுது."

அவர்களுடைய பேச்சில் நேசமணி இல்லவே இல்லை. அது அவளுக்கு வசையைவிடக் கூடுதலாக நோகும்போலிருந்தது. "பதினொரு வருசத்திலை ஒரு வார்த்தை கதைக்கிறதுக்கும் நான் காணாதோ?"

பத்தாவது நாள் சற்று முந்திப் போனாள். மாரிசெல் லூர்தெஸைத் தட்டினாள்.

"மூடு, மூடு, வருகிறாள். பாவம், அவளுக்கு இந்த மணம் ஒத்துக்கொள்ளாது."

"தெரியும். அன்றைக்கு ஓடிப்போய் யன்னலைத் திறந்தாளே."

பிறகு இருவரும் நேசமணியைப் பார்த்துச் சிரித்தார்கள். மன்னிப்புக் கேட்கிற சிரிப்பு.

பெட்டிக்குள் இருந்தது பொரித்த கருவாடு.*

* யன்னலைத் திறந்தது நேசமணிக்கு நினைவில்லை. பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் ஆவிக்குள் நின்றுவிட்டு வந்து வேர்வைக்குத் திறந்திருப்பாளாம். மன்னாரில் பிறந்து கருவாட்டுப் பந்தலுக்குக் கீழே நடை பழகியவளுக்காக இரண்டு பெண்கள் பதினொரு வருடம் கருவாட்டை ஒளித்துத் தின்றிருக்கிறார்கள்.

6

முடிவுகள்.

(அ) நேசமணி சரளமான பிலிப்பினோவில் பேசுகிறாள். மூவரும் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். [இப்படி எழுதினால் என்னை நானே வாசிக்கமாட்டேன்.]

(ஆ) கெட்டிக்கார எழுத்தாளன் எழுதும் முடிவு: லூர்தெஸ் முன்பு துபாயில் ஒரு தமிழ் வீட்டில் வேலை செய்தவள். நேசமணி அந்த அறையிலிருந்து தங்கச்சிக்குப் போன் எடுத்து இவர்களைப் பற்றிச் சொன்னதெல்லாம் அவளுக்கு விளங்கி— இல்லை. ஆனால் நேசமணி அப்படிப் போன் எடுத்ததும் சொன்னதும் உண்மை. அதை இந்த அடைப்புக்குள்ளேயே விட்டுவிடும்படி கேட்டிருக்கிறாள்.

(இ) தில்லைநாதனின் முடிவு: பிலிப்பினோப் பெண்கள் இருவரும் சங்கத்தின் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் சேருகிறார்கள்.

நடந்தது இது. அடுத்த நாள், மன்னாரிலிருந்து வந்து எங்கள் உறைபெட்டியில் கிடந்த கட்டாக் கருவாட்டைப் பொரித்துக்கொண்டு போனாள். அவர்களுடைய மேசையில் வைத்து மூடியைத் திறந்து, "காயின் தாயோ" என்றாள்.

மாரிசெலின் கையிலிருந்த முள்ளுக்கரண்டி விழுந்தது. லூர்தெஸ் கருவாட்டைப் பார்த்தாள். இரண்டு கிழமையாகத் தாங்கள் பேசியதையெல்லாம் மனதுக்குள் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்திருப்பாள். கடைசியில், தங்கள் வழக்கப்படி, "நன்றி, வயிறு நிறைந்திருக்கிறது" என்றாள்.

நேசமணி இரண்டாம் தரம் கேட்டாள். மாரிசெலும் வேண்டாம் என்றாள். மூன்றாம் தரம், "சும்மா எடுங்கோடி" என்று தமிழில் சொல்லி, இருவருடைய பெட்டிக்குள்ளும் தானே அள்ளிப் போட்டாள்.

பிறகு லூர்தெஸ், "மாரிசெலின் மாமியைப் பற்றிச் சொன்னதும் விளங்கினதோ?" என்று கேட்டிருக்கிறாள்.

"அவ பொல்லாதவதான்," என்றாளாம் நேசமணி.

நான் அங்கே இருக்கவில்லை. இதை அவள் சொன்னபோது புத்தகத்தை மூடினேன் என்று எழுதத்தான் ஆசை.

7

அன்று பின்னேரம் தோசை. "இன்னொண்டு போடட்டோ?" என்று கேட்டாள். வழக்கம்போல வேண்டாம் என்றேன். முப்பது வருடமாக என் மூன்றாவது தோசை இப்படித்தான் வருகிறது.

அவள் இரண்டாம் தரம் கேட்காமல் அடுப்பை நிற்பாட்டினாள். கோபமில்லை. கையைத் துடைத்துக்கொண்டு போய் மாரிசெலுக்குப் போன் எடுத்தாள். அடுத்த அறையில் எனக்கு விளங்காத மொழியில் நீண்ட நேரம் சிரித்தாள். நடுவில் ஒரு தரம் என் பெயர் கேட்டது.

பிலிப்பைன்ஸைப் பற்றி அவள் மூன்று தரம் சொன்னது உண்மையானால், அவள் என்னிடம் எதையும் மூன்று தரம் சொன்னது அதுதான் கடைசி. நான் என்ன செய்ய வேண்டும் என்பதை வாசகர் முடிவு செய்யலாம். எனக்கு எழுதிக் காட்டத் தெரிந்தது, யார் என்ன ஆனார்கள் என்பது மட்டும்.

லூர்தெஸ் ஓய்வு பெற்று ஊருக்குப் போய்விட்டாள். கூரை இன்னும் முடியவில்லை. மாரிசெலும் நேசமணியும் ஒரே மேசையில் சாப்பிடுகிறார்கள். இடைவேளை அறையில் கருவாட்டு மணம் என்று இப்போது நோர்வேக்காரர் முறைப்பாடு செய்கிறார்கள். கடிதம் திகதி இல்லாமல் லாச்சியின் அடியில் விரித்துக் கிடக்கிறது, அதன்மேல் கரண்டிகள். சிந்தியா பகிடிக்கு விளம்பரம் அனுப்புவதை நிறுத்திவிட்டாள். தில்லைநாதன் இந்தக் கதையைப் போடவில்லை. அந்தப் பக்கத்தில் வாழ்த்துச் செய்தி வந்திருக்கிறது. நான் நாலு கிலோ குறைந்திருக்கிறேன்.