அந்தக் கடிதத்தில் இருந்தவள்

கணக்கு டீச்சர் கொடுத்த உறை இரண்டு நாளாகப் பையில் கிடந்து குட்டியை அரித்துக்கொண்டிருந்தது. பதினேழு வயதாகியும் வீட்டில் அவள் குட்டிதான். கல்லூரி விண்ணப்பத்தோடு வைக்க வேண்டிய பரிந்துரைக் கடிதம் அது. ஒட்டிய வாயின் மேல் குறுக்காக டீச்சரின் கையெழுத்து. பிரித்தால் செல்லாது என்று படிவத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை தபாலில் சேர்க்கக் கடைசி நாள்.

"உள்ள என்னதான் எழுதியிருக்காங்களோ," என்று அவள் புலம்பியது லாண்டரியின் பின்பக்கத்தில். அம்மாவும் அக்காவும் அங்கேதான் வேலை பார்த்தார்கள். அம்மா முன்னால் கவுன்ட்டரில் துணி வாங்கி, அடையாளச் சீட்டுக் குத்தி, திரும்பத் தரும் தேதி சொல்லுவாள். அக்கா பின்னால் நாள் முழுக்க நீராவி இஸ்திரிப் பெட்டியோடு மல்லுக்கட்டுவாள். பள்ளி விட்டதும் குட்டி வந்து, துணி மடிக்கும் மேசையின் ஓரத்தில் உட்கார்ந்து படிப்பாள்.

"பிரிச்சுப் பாத்துட்டா போச்சு," என்றாள் அக்கா.

"ஐயோ, மேல கையெழுத்து போட்டிருக்காங்க அக்கா."

"பால்பாயின்ட் பேனா. கலையாது. இந்த ஆவிக்கு மசியாத பசை இன்னும் பொறக்கல."

அக்கா உறையை ஆவியில் காட்டினாள். கோபித்துக்கொண்டு போன மாப்பிள்ளை இளகுவதைப் போல உறையின் வாய் மெல்ல மெல்லத் திறந்தது. அக்காவே எடுத்து வாசித்தாள்.

'இந்த மாணவியின் மதிப்பெண்களை நீங்களே பார்ப்பீர்கள். நான் சொல்ல விரும்புவது வேறு. சென்ற ஆண்டு இவளுடைய தோழி ஒருத்தி கால் முறிந்து மூன்று மாதம் படுத்திருந்தாள். தினமும் மாலையில் அவள் வீட்டுக்குப் போய், அன்றன்றைய பாடத்தை இவள் சொல்லிக்கொடுத்தாள். அந்தப் பெண் அந்த ஆண்டை இழக்காமல் தேறியது இவளால்தான். இதை இவள் ஒருநாளும் என்னிடம் சொல்லிக்கொண்டதில்லை.'

அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. "அடிப்பாவி, போன வருஷம் லைப்ரரி லைப்ரரின்னு ஓடினது இதுக்குத்தானா? எங்ககிட்டகூட ஒரு வார்த்தை சொல்லலையேடி!"

கடிதத்தோடு அவள் கவுன்ட்டருக்கு ஓடினாள். ஒட்டின உறையைப் பிரித்ததற்கு முதலில் இருவருக்கும் திட்டு விழுந்தது. பிறகு அக்கா வாசிக்க வாசிக்க, சீட்டுக் குத்திக்கொண்டிருந்த அம்மாவின் கை அப்படியே நின்றுவிட்டது. எதிரே வாரம் தவறாமல் ஐந்து வெள்ளைச் சட்டை சலவைக்குப் போடுகிற வங்கி அதிகாரி நின்றுகொண்டிருந்தார். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. "எங்க சின்னவ பண்ணின காரியத்தைக் கேட்டீங்களா சார்?" என்று ஆரம்பித்துவிட்டாள்.

"இந்தக் காலத்துல இப்படி ஒரு பிள்ளையா!" என்று அவர் பின்பக்கத்தை எட்டிப் பார்த்தார்.

அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். குட்டி புத்தகத்தை விரித்துத் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

கடிதத்தில் இருந்தவள் அவள் இல்லை. தினமும் போனவள், பக்கத்து பெஞ்சில் உட்காரும், கண்ணாடி என்று எல்லோரும் கூப்பிடும் வகுப்புத் தோழி. விழுந்தவள், உயரத்தால் நெட்டை என்று பேர் வாங்கியவள். பள்ளி மாடிப்படியில் சறுக்கிக் காலை முறித்துக்கொண்டாள். நெட்டையும் குட்டியும் ஆறு வருடமாக ஒரே பெஞ்சு. முதல் ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கலாம் என்றுதான் குட்டி நினைத்தாள். பரீட்சை வந்தது. அடுத்த ஞாயிறு என்று தள்ளினாள். ஒரு மாதம் ஆனபின், இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று கேட்டால் என்ன சொல்வது என்ற பயம் பிடித்துக்கொண்டது. இரண்டாம் மாதத்தில் அந்தத் தெருப்பக்கமே போகாமல் சுற்றி நடந்தாள். நெட்டை ஊன்றுகோலோடு திரும்பி வந்தபோது குட்டி வேறு பெஞ்சுக்கு மாறியிருந்தாள்.

மறுநாள் முழுக்க அம்மா சீட்டுக்கு ஒரு தரம் மகளின் பெருமை பேசினாள். பள்ளியில் கண்ணாடி தன்னுடைய உறையைக் காட்டினாள். அதே டீச்சர், அதே கல்லூரி.

"எனக்கு என்ன எழுதியிருப்பாங்க? கையெழுத்து முத்து முத்தா இருக்கும்னு எழுதியிருப்பாங்க, வேற என்ன!" என்று சிரித்தாள். "வெள்ளிக்கிழமை ரெண்டு பேரும் சேர்ந்தே போய்ப் போடலாமா?"

குட்டி தன் உறையைப் பைக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளினாள்.

வியாழக்கிழமை மதிய இடைவேளையில் அவள் ஆசிரியர் அறைக்குப் போனாள். உறையை மேசைமேல் வைத்தாள்.

"இதை நான் பிரிச்சுட்டேன் டீச்சர்."

சாப்பிட்டுக்கொண்டிருந்த மற்ற ஆசிரியைகளின் கை நின்றது.

"இதுல எழுதியிருக்கறது நான் இல்ல. நான் ஒரு நாள்கூடப் போகல. தினமும் போனது கண்ணாடி."

டீச்சர் திட்டுவார் என்றுதான் அவள் எதிர்பார்த்தாள். டீச்சர் கடிதத்தை எடுத்து ஒரு முறை படித்தார்.

"உங்க க்ளாஸ் பொண்ணு ஒண்ணு தினம் வந்து சொல்லித் தருதுன்னு கால் ஒடிஞ்சவளோட அம்மா சொன்னாங்க. நான் பேரு கேக்கல. நீயும் அவளும் அவ்வளவு சிநேகிதமாச்சே. வேற யாராவது இருக்கும்னு எனக்குத் தோணவே இல்ல."

நாலு அறை விட்டிருந்தால் தாங்கியிருப்பாள்.

டீச்சர் கடிதத்தைக் கிழித்துப் போட்டார். கண்ணாடியைக் கூப்பிட்டு, புதிதாக எழுதித் தருவதாகச் சொல்லி அவளுடைய உறையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பிறகு வேறொரு தாளை எடுத்து வைத்து, குட்டியை நிமிர்ந்து பார்த்தார்.

"சரி, உன்னைப் பத்தி என்ன எழுதட்டும்? நீயே சொல்லு."

குட்டி யோசித்தாள். மூன்று நிமிடம் இருக்கும்.

"லீவு போடாம வருவேன் டீச்சர்."

டீச்சர் அரைப் பக்கம் எழுதி, ஒட்டி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதில் என்ன இருந்தது என்பது குட்டிக்குக் கடைசிவரை தெரியாது.

வெள்ளிக்கிழமை தபால் நிலைய வரிசையில், டீச்சர் ஏன் புதிதாக எழுதினார் என்று கண்ணாடி கேட்டாள். குட்டி ஒளிக்காமல் சொன்னாள். கண்ணாடி கோபப்படவில்லை.

"மொத மாசம் பூரா நெட்டை உன்னைத்தான் கேட்டுட்டே இருந்தா," என்றாள். "வாசல்ல செருப்புச் சத்தம் கேட்டா தலையைத் தூக்கிப் பாப்பா. அப்புறம் கேக்கறதை விட்டுட்டா."

அன்று மாலை குட்டி அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். பொய்க்காக அம்மா ஒன்றும் சொல்லவில்லை. "ஒரு தடவைகூடவா போகல?" என்று மட்டும் கேட்டாள்.

அடுத்த வாரம் வங்கி அதிகாரி சட்டை வாங்க வந்தார். "எங்கம்மா உங்க தங்கமான பொண்ணு?" என்றார்.

"நான் சொன்னது தப்புங்க," என்றாள் அம்மா. "அது வேற வீட்டுப் பொண்ணு. எங்க பொண்ணு இல்ல."

அவர் சட்டைகளை எண்ணத் தொடங்கினார். அம்மா அன்று அதையே இன்னும் நாலு பேரிடம் சொன்னாள். மேசையோரத்தில் உட்கார்ந்து குட்டி ஒவ்வொன்றையும் கேட்டாள்.

அந்தக் கல்லூரியில் கண்ணாடிக்கு இடம் கிடைத்தது. குட்டிக்குக் கிடைத்தது இரண்டாவதாக எழுதிய கல்லூரியில். ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முந்தின நாள், ஒன்றரை வருடமாகச் சுற்றிப் போன அந்தத் தெருவுக்குள் நேராக நடந்து, அவள் நெட்டையின் வீட்டுக் கதவைத் தட்டினாள். நெட்டையே திறந்தாள். இடது காலை லேசாக இழுத்து நடந்தாள். அது பள்ளியிலேயே எல்லோருக்கும் தெரியும். குட்டி மட்டும் அதுவரை பார்க்காததுபோல் இருந்திருந்தாள்.

"என்ன வேணும்?" என்று நெட்டை கேட்டாள், வழி விசாரிக்க வந்தவர்களிடம் கேட்பதைப் போல.

"உன்னைப் பாக்கத்தான் வந்தேன்."

நெட்டை கதவின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். வா என்றும் சொல்லவில்லை, கதவைச் சாத்தவும் இல்லை.